ஐந்து கட்டையும் ஆங்கில வழக்கும்

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு. வகுப்புத் தேர்வில், ஒரு பாடகியைப் பற்றிய ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கச் சொல்லியிருந்தார்கள். 'ஹிட் தி ஹை நோட்ஸ்' என்பதை 'உயரமான குறிப்புகளை அடித்தாள்' என்றும், 'ப்ராட் தி ஹவுஸ் டவுன்' என்பதை 'வீட்டை இடித்துத் தள்ளினாள்' என்றும் எழுதினேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண். விடைத்தாள் வாசிக்கப்பட்டபோது வகுப்பே சிரித்தது. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எனக்கு, ஆங்கிலமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்று தோன்றியது உண்மை.

அந்த வாரம் எங்களூர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம். ஆர்மோனியம் வாசிக்கும் என் மாமா ராஜபார்ட்டைக் காட்டி, "அஞ்சு கட்டையில நின்னு பாடுறாரு, பாரு மாப்பிள்ளே" என்றார். எனக்குப் பொறி தட்டியது. இதை ஓர் ஆங்கிலேயர் கேட்டால், ஐந்து விறகுக் கட்டைகள்மேல் ஏறி நின்று பாடுவதாகத்தானே எண்ணுவார்!

கட்டை என்பது ஆர்மோனியத்தின் சுருதிக் கட்டை. வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் முதலாவது மேலைநாட்டாரின் 'சி', ஐந்தாவது 'ஜி'. கறுப்புக் கட்டைகள் அரைக் கணக்கு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டும். ஆகவே நாடகக் கலைஞர்கள் சுருதியை ஏற்றிப் பாடினர். 1933-இல் மறைந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா இதில் பெரும்புகழ் பெற்றவர். நம் புதுக்கோட்டை பி. யு. சின்னப்பாவும் நாடக மேடையில் வளர்ந்தவரே.

இனி, நான் எழுதிய விடைக்கு வருவோம். 'நோட்' என்பது இங்கே குறிப்பன்று, சுரம். 'ஹிட்' என்பது அடியன்று, எட்டித் தொடுதல். 'மேல் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டார்' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? 'ஹவுஸ்' என்பது அரங்கு; அது அதிர்வது பாடகியின் குரலால் அன்று, கைதட்டலால். 'ரெய்ஸ் தி ரூஃப்' என்பதும் கூரை கிளம்பும் அளவுக்கு எழும் ஆரவாரமே. உச்சக் குரலுக்கும் இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை நண்பர்கள் கவனிக்க.

'நாய்க்கு மட்டும் கேட்கும் சுரம்' என்பது கேலி. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாய்ச் செவிக்கு 40,000-உம் எட்டும். 'கண்ணாடியை உடைக்கும் குரல்' மட்டும் முழுக்கற்பனை அன்று. மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தைச் சுண்டினால் எழும் அதே சுருதியில், மிக உரக்க, விடாமல் பாடினால் அது நொறுங்கக்கூடும். உச்சம் மட்டும் போதாது. சுருதி பொருந்த வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபால்செட்டோ'. இயல்பான குரலுக்கு எட்டாத உயரத்தைத் தொடப் பயன்படும் மெல்லிய குரலுக்கு இத்தாலியர் இட்ட பெயர். பொய் என்னும் பொருளில் பிறந்த சொல். நம் இசைக்காரர்கள் அதைக் 'கள்ளத்தொண்டை' என்கிறார்கள்!

இவற்றையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், "அது சரி மாப்பிள்ளே, அவுக வீட்டை இடிச்சதுக்கு உனக்கு எத்தனை மார்க்கு?" என்றார்.

"இரண்டு" என்றேன்.