உலகின் மிகப்பெரிய டைனோசர் அரியலூர்க்காரரா? அப்படின்னா எலும்பு எங்கே?

கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை போனால் பாறைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எவ்வளவு தேடினாலும் அங்கே டைனோசர் எலும்பு கிடைக்காது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான அந்தப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போது விலங்குகளே கிடையாது. டைனோசரைத் தேட வேண்டுமென்றால், அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுக்குப் போக வேண்டும்.

கல்லமேட்டில் என்ன ஸ்பெஷல்?

அரியலூர் ஒரு காலத்தில் கடல். அது பின்வாங்கிய பிறகு ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து சேர்த்தன. அப்படி உருவான மணற்கல், களிமண் அடுக்குகளின் வயது சுமார் 7 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலம் அது.

யார் அந்த ராட்சசன்?

இங்கே கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 'பிருஹத்காயோசரஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'பெரிய உடல் கொண்ட பல்லி' என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். அதாவது உங்கள் வீட்டு வாசற்கதவு உயரம்!

முதலில் இதை இறைச்சி தின்னும் வகை என்றார்கள். பிறகு, நீளக் கழுத்துள்ள தாவர உண்ணி என்ற முடிவுக்கு வந்தார்கள். எடை 110 முதல் 130 டன் இருக்கலாம் என்கிறது 2023-ல் வெளியான ஓர் ஆய்வு. கிட்டத்தட்ட நீலத் திமிங்கலம் அளவுக்கு!

அப்புறம் என்ன சிக்கல்?

எலும்புகள் இப்போது இல்லை. அவை சரியாக இறுகாமல், எளிதில் உதிரும் நிலையில் இருந்தன. பாதுகாப்புக்காகப் போட்ட பிளாஸ்டர் உறைக்குள்ளேயே நொறுங்கிவிட்டன. மிச்சம் இருப்பவை சில படங்களும் அளவுகளும்தான். 2022-ல் பழைய புகைப்படங்கள் சில வெளியாகி, அது டைனோசர்தான் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தன. ஆனாலும் எலும்பை மறுபடி அளந்து பார்க்க வழியில்லை. அதனால் 'உலகின் மிகப்பெரியது' என்ற பட்டம் இன்னும் கேள்விக்குறியோடுதான் நிற்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

பெரம்பலூர் குன்னத்தில் 2020-ல் 'டைனோசர் முட்டை' என்று பரபரப்பான உருண்டைகள் வெறும் கல் திரட்சிகள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். அதனால் ஃபார்வர்டு செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள். வித்தியாசமான கல்லோ எலும்போ கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். எலும்பு உதிர்ந்துபோனால், பேசப்போவது அந்தப் படம் மட்டும்தான்.