செங்கல் முற்றமும் களைகளும்

மயிலையிலும் சாந்தோமிலும் பழைய இல்லங்கள் சிலவற்றில் செங்கல் பாவிய முற்றங்கள் இன்னும் எஞ்சியுள்ளன. ஐப்பசி மழை தொடங்கிய சில நாட்களுக்குள் செங்கற்களின் இடுக்குகள்தோறும் பசுமை தலைகாட்டுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இரண்டு பருவங்கள் களையெடுத்துச் சலித்த குடும்பத்தார் கொத்தனாரை அழைத்து, முற்றம் முழுவதையும் சிமென்ட் பூசி மூடிவிடுகின்றனர். இம்முடிவு ஏற்றதுதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 10 சதுர மீட்டர் பரப்புள்ள சிறு முற்றத்தின் மீது மட்டும் ஓராண்டில் ஏறக்குறைய 14,000 லிட்டர் நீர் விழுகிறது. மணல்மேல் பாவிய செங்கல் தளம் அதில் ஒரு பகுதியை மண்ணுக்குள் இறக்கும். சிமென்ட் தளமோ தெருவுக்குத் தள்ளிவிடும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த இதே நகரம், 2019 கோடையில் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதும் இதனாலன்றோ? கடலை அடுத்த பகுதிகளில் நிலத்தடி நன்னீர் குறையுந்தோறும் உப்புநீர் உட்புகும். ஆகவே, களைக்கு அஞ்சி முற்றத்தை மூடுவது நம் கிணற்றின் வாயை நாமே அடைப்பதாகும்.

களை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானவை அடிமண்ணிலிருந்து வருவன அல்ல. காற்றும் பறவைகளும் கொணரும் விதைகள், இடுக்கில் படிந்த தூசியிலும் மக்கிய சருகிலும் வேர்கொள்கின்றன. எனவே நாள்தோறும் முற்றத்தைப் பெருக்கிய நம் அன்னையரின் வழக்கமே சிறந்த களைத்தடுப்பு.

முளைத்தவற்றை இனம் அறிந்து களைதல் வேண்டும். குப்பைமேனியும் கீழாநெல்லியும் மழைக்கு மறுநாள், ஈரம் உள்ளபோது பிடுங்கினால் வேருடன் வந்துவிடும். அருகு கணுதோறும் வேரூன்றுவது. துண்டாய் அறுந்தால் துண்டும் தழைக்கும். கோரையோ மண்ணுக்குள் கிழங்குகளைச் சங்கிலிபோல் தொடுத்து வைப்பது. மேலே அறுப்பதால் பயனில்லை. அவ்விடத்துச் செங்கற்களைப் பெயர்த்து, கிழங்குகளைப் பொறுக்கி எடுத்து, புது மணல் இட்டு மீண்டும் பாவுவதே வழி. பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை அணிந்து, பூக்குமுன் பிடுங்குதல் வேண்டும்.

களையெடுத்தபின் இடுக்கை வெறுமையாக விடுதல் கூடாது. பழைய கத்தியாலோ களைக்கொத்தியாலோ தூசியைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பி, நீர் தெளித்து அமர்த்தி, மீண்டும் நிரப்புக. புரட்டாசியில் ஒருமுறையும், முதல் மழை பெய்த பத்து நாட்களுக்குள் ஒருமுறையும் இவ்வாறு செய்தால் பெரும்பகுதி அடங்கும்.

உப்புக் கொட்டுவோரும் உண்டு. அது செங்கல்லில் ஊறி, வெண்மையாகப் பூத்து, நாளடைவில் கல்லையே பொரியச் செய்யும். நிலத்தடி நீரையும் கெடுக்கும். வினிகர் சுண்ணாம்புச் சாந்தை அரிக்கும். கொதிநீர் ஊற்றினால் இளஞ்செடிகள் கருகும், கிழங்குகள் சாகா.

களைக்கொல்லியைப் பற்றியும் ஒரு சொல். கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 2022 அக்டோபரில் நடுவண் அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வழியாக மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் என ஆணையிட்டது. குழந்தை தவழும் முற்றத்தில் நாமே அதைத் தெளிப்பது தகாது.

இரண்டைச் சிறிதும் தாமதியாமல் கவனிக்க வேண்டும். ஒன்று, சுவர் வெடிப்பில் காக்கையின் எச்சத்தால் முளைக்கும் அரசங்கன்று. இரண்டு இலை உள்ளபோது விரலால் எடுக்கலாம். விட்டுவிட்டால் சுவரையே பிளக்கும். வளர்ந்துவிட்டதாயின் வெட்டினால் மட்டும் போதாது. கல்லைப் பெயர்த்து வேரை அகற்றிச் சாந்து பூசுதல் வேண்டும். மற்றொன்று பாசி. முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், குடும்பம் முழுவதும் பல மாதங்கள் துன்புறும். தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவி, மேலே கவிந்த கிளைகளைக் கழித்து வெயில் விழச் செய்க.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்காக, குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் நம் குடும்பங்கள் முன்னோரின் கல்லறைகளைச் சுற்றிக் களையெடுப்பதைக் காண்கிறோம். அதே வாரத்தில் வீட்டு முற்றத்துக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாகாதா? தந்தை செங்கல்லைப் பெயர்க்கட்டும். பிள்ளைகள் கிழங்கைப் பொறுக்கட்டும். அன்னை சற்று நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்யட்டும். ஒரு கூடைக் களையும், ஒரு சட்டி மணலும், இரண்டு மணி நேரமும் தவிர வேறு செலவில்லை. அடுத்த மழை உங்கள் முற்றத்தின் வழியே உங்கள் கிணற்றுக்குச் சென்று சேரும்.