பேச்சு வரும் என்று காத்திருக்கும் லயங்கள்

ஊவாவில், மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குள் எட்டிப் பாருங்கள்; எந்தப் பிள்ளை எப்படி என்பது அங்கிருக்கும் ஆயம்மாவுக்கு அத்துப்படி. ஒரே வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கண்முன் ஓடித் திரிகையில், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத ஒன்று, வாளி மூடியை மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஒன்று தனியாகத் தெரிந்துவிடும். காலையில் கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்பும் தாய்க்கு அப்படி ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தாய்க்குச் சந்தேகம் வந்தாலும் லயத்தில் பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். பேச்சு தானா வரும்.” கோயிலில் ஒரு கயிறு கட்டுவார்கள். இரண்டு வருடம் ஓடிவிடும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வீணாகக் கூடாத வருடங்கள் அவை.

ஓட்டிசம் தொற்றுநோயும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பெயர் பரவியது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் கிளம்பிய கதைக்கு ஆதாரமாக இருந்த கட்டுரையை, அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே ஊசிக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்க்க வேண்டியதில்லை. இதைக் குணமாக்கும் மருந்து என்று ஒன்று இல்லை; அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்பவும் வேண்டாம்.

இலங்கையில் இது அபூர்வமானதும் அல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சிறுவர் மனநலப் பேராசிரியராக இருந்த ஹேமமாலி பெரேராவின் குழு, ஓர் அரைநகர்ப்புறத்தில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் முடிவை வெளியிட்டது. 93 பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கு வந்தது. அதைவிட யோசிக்க வைக்கும் செய்தி வேறொன்று. வெளிநாடுகளில் பரவலாகப் பயன்படும் கேள்விப் பட்டியலைத் தாய்மாரிடம் கொடுத்தபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் கால்வாசியைத்தான் அது பிடித்தது. பின்னர் அதே பேராசிரியர் படங்களைக் காட்டித் தாயிடம் விசாரிக்கும் முறையொன்றை உருவாக்கினார். அதிகம் படிக்காத தாய்மார் உள்ள தோட்டங்களுக்கு இதுதான் பொருந்தும் வழி. நீண்ட கேள்வியைவிட, ஒரு பிள்ளை விரல் நீட்டிக் காட்டும் படம் சட்டென்று விளங்கும்.

சரி, சந்தேகம் வந்தால் எங்கே போவது? நிறை பார்க்கும் நாளில் கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில் பிள்ளையின் வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. குடும்ப நல மாது அதைப் பார்த்து சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலக வைத்தியரிடம் அனுப்பலாம். அங்கிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரியின் குழந்தை நல நிபுணர். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது சோதிக்கப்பட வேண்டும்; காது கேளாமையும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கொழும்பு லேடி றிஜ்வே வைத்தியசாலை, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இயங்கும் ‘ஆயதி’ நிலையம் ஆகியவை அதற்கு அப்பால் உள்ள இடங்கள்.

அப்பால் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. பதுளையிலிருந்து கொழும்பு வீதிவழியே சுமார் 230 கிலோமீற்றர். பதுளைக்கு வருவதற்கே தாய்க்கு அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலை, போய்விடும். 2024 செப்டெம்பரில் ரூ. 1,350 ஆக இருந்த நாட்சம்பளம் கிளினிக் நாளில் இல்லை, பஸ் செலவு வேறு. வாராவாரம் பேச்சுச் சிகிச்சைக்கு வரச் சொன்னால், இரண்டாம் மாதமே பல தாய்மார் நின்றுவிடுவது அலட்சியத்தால் அல்ல.

நல்ல வேளையாக, இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியதில்லை. தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே செய்ய வைத்தால் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்பதை ஹேமமாலி பெரேராவின் 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. அங்கே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நிபுணர்களே அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள். அப்படியும் பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவது கூடியது.

சொல்லிக்கொடுப்பது இந்த மாதிரி விஷயம்தான்: பிள்ளை மூடியைச் சுழற்றினால் அதைப் பிடுங்காமல் எதிரே தரையில் உட்கார வேண்டும். தானும் ஒரு மூடியைச் சுழற்ற வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு, பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பார்த்ததும் ஒரே ஒரு சொல்: “சுத்து!” மீண்டும் சுழற்ற வேண்டும். இதற்கு இயந்திரமோ தனி அறையோ தேவையில்லை. பொறுமையும், முதலில் ஒருவர் கூட இருந்து செய்து காட்டுவதும் போதும்.

அந்த ஒருவர் தமிழில் செய்து காட்ட வேண்டும். இங்கேதான் ஊவா இடறுகிறது. தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. சிங்களத்தில் சொல்லப்படுவதைப் பக்கத்தில் நிற்கும் யாரோ அரைகுறையாகச் சொல்ல, தாய் தலையாட்டிவிட்டு வருகிறார். மொழியையே கற்றுக்கொடுக்கும் சிகிச்சையில் இது சில்லறைக் குறை அல்ல. பிள்ளைக் காம்பராக்களில் பணிபுரியும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் பலர் தோட்டத்துப் பெண்களே. அவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுப்பது புதிதாக ஒரு கட்டடம் எழுப்புவதைவிட மலிவானது, விரைவானது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.

பாடசாலை வயது வந்ததும் “இந்தப் பிள்ளையை எங்களால் பார்க்க முடியாது” என்று திருப்பி அனுப்பினால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பெற்றோர் பக்கம் நிற்கிறது. இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது.

ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய ஓரிரு சொல்லும் நின்றுபோனது என்றால் மூன்று வயதுவரை பொறுத்திருக்காதீர்கள். வைத்தியர் முன் பிள்ளை வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். அதனால் வீட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, அடுத்த நிறை பார்க்கும் நாளில் கிளினிக் கொப்பியோடு குடும்ப நல மாதிடம் காட்டுங்கள்.