எழுநூற்றுக்குள் எண்ணூறு

குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் கல்யாண வீடியோ சிடி ஒன்றாவது கிடைக்கும். ஸ்டூடியோவில் ரைட் செய்து கொடுத்தது. மேலே 700 எம்.பி. என்று அச்சிட்டிருக்கும். கடைசி நிமிடம் வரை நிரப்பிய வீடியோ சிடி என்றால், அதிலுள்ள படத்தைக் கணினிக்கு மாற்றும்போது கோப்பு கிட்டத்தட்ட 800 எம்.பி. வந்து நிற்கும். 700 கொள்ளும் வட்டில் இன்னொரு நூறு எப்படி ஏறியது?

சிடியில் தகவல் சிறுசிறு பகுதிகளாக எழுதப்படுகிறது. நொடிக்கு 75 பகுதி. 80 நிமிட வட்டில் மொத்தம் 3,60,000. ஒவ்வொன்றிலும் 2352 பைட் இடம் உண்டு. ஆனால் கணக்கு வழக்கு, கடிதம், மென்பொருள் என்று எதைப் பதிந்தாலும் ஒரு பகுதியில் 2048 பைட்தான் நமக்கு. மிச்ச இடத்தில் பெரும்பங்கு, பிழை வந்தால் திருத்திக்கொள்வதற்கான 276 பைட். பெருக்கிப் பார்த்தால் 703 எம்.பி. வரும், 700 என்று அச்சிடுவது அதைத்தான்.

வீடியோ சிடி இந்த 276 பைட் காவலை விட்டுக்கொடுக்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினால் மென்பொருளே ஓடாமல் போகலாம். படத்தில் ஒரு புள்ளி கெட்டால் கண் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் படத்துக்கு ஒரு பகுதியில் 2324 பைட் தருகிறார்கள். அதே வட்டு 798 எம்.பி. ஆகிவிடுகிறது. நேரக் கணக்கு மட்டும் மாறாது: 80 நிமிட வட்டில் 80 நிமிடப் படம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு சிடியாகவும், மூன்று மணி நேரப் படம் மூன்று சிடியாகவும் வந்தது இதனால்தான்.

இதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. என்னை அதிகம் வியக்க வைப்பது அதுதான். லேசருக்கு மிகக் குட்டையான தடங்களைப் பிரித்தறிய முடியாது. அதனால் ஒவ்வொரு 8 பிட்டையும் 14 பிட்டாக மாற்றி, இடையே 3 பிட் இணைப்பும் சேர்த்து எழுதுகிறார்கள். அதற்கு முன்பே ஒவ்வொரு 24 பைட்டுக்கும் 8 பைட் திருத்தத் தகவல் சேர்ந்துவிடுகிறது. 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. எல்லாம் சேர்ந்து நம்முடைய 2048 பைட்டுக்காக, அதாவது 16,384 பிட்டுக்காக, வட்டில் 57,624 பிட் எழுதப்படுகிறது. நூற்றுக்கு 28தான் நம்முடையது! அந்த 700 எம்.பி. சிடி உண்மையில் சுமப்பது கிட்டத்தட்ட இரண்டரை ஜி.பி.

அந்தச் செலவு வீணில்லை. அடுத்தடுத்த பைட்டுகளை வட்டில் அடுத்தடுத்து வைப்பதே இல்லை. விதைநெல்லை ஒரே குதிரில் போடாமல் பல வீடுகளில் பிரித்து வைப்பதுபோல, கலைத்துப் பரப்புகிறார்கள். இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்தாலும், போனது ஒவ்வொரு தொகுப்பிலும் சிறு துளிதான். மீதியை வைத்து இயந்திரம் அதைக் கணக்கிட்டு மீட்டுவிடும்.

அப்படியானால் 700ஐ முழுசாக வாங்குவது எப்படி? ஒரே அமர்வில் எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று திறந்து வைத்தால் முதல் அமர்வை மூட ஏறக்குறைய 22 எம்.பி., அடுத்து ஒவ்வொன்றுக்கும் 13 எம்.பி. போகும். நூறு பைட் கோப்பும் 2048 பைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒன்றாகச் சுருக்கிக் கட்டிவிடுவது நல்லது. டிவிடியில் அச்சிட்டதைவிட இடம் குறைவதாகத் தோன்றுவது மட்டும் எண்ணும் முறையால் வந்தது. 4.7 ஜி.பி. என்பது 470 கோடி பைட். 1024ஆல் வகுத்து எண்ணும் கணினி அதையே 4.38 என்று காட்டும். எந்தச் சூத்திரத்தாலும் இந்த வித்தியாசத்தை மீட்க முடியாது, ஏனென்றால் எதுவும் தொலையவில்லை.

கடைசி எம்.பி. வரை நிரப்பலாமா என்றால், கல்யாண வீடியோவுக்கு நான் வேண்டாம் என்பேன். வட்டில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகிறது. நாம் விரல் வைத்துப் பிடிக்கும் விளிம்பில்தான் கடைசித் தகவல் உட்காரும். சாயப் பூச்சு சீராக அமையாமல் போவதும் பெரும்பாலும் அங்கேதான். பீரோவிலிருக்கும் வட்டுகளைக் கணினிக்கு மாற்றப் போகிறவர்கள், நிரம்பிய வட்டாக இருந்தால் மறுவீட்டுக் காட்சிகள் இருக்கும் கடைசிக் கோப்பை முதலில் எடுத்துவிடுங்கள்.