‘எத்’: இரு மொழிகளில் இரு வேலைகள்

‘பதெர் எத் மாதெர்’ என்றால் லத்தீனில் ‘தந்தையும் தாயும்’. ‘மா தெயன், எத் சா துலெத்’ என்றால் எஸ்டோனிய மொழியில் ‘நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்’. இரண்டிலும் வரும் ‘எத்’தை ரோமன் எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

லத்தீன், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழி. ‘அதிவேகம்’ என்பதில் உள்ள சமஸ்கிருத ‘அதி’யும் லத்தீன் ‘எத்’தும் ஒரே வேரில் பிறந்தவை. எஸ்டோனியமோ யூராலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ‘எத்’துக்கு உடன்பிறப்பு, ஃபின்னிய மொழியின் ‘எத்தா’.

லத்தீன் ‘எத்’ சமமானவற்றை இணைக்கும்: பெயரோடு பெயர், வினையோடு வினை. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்பதற்குப் பதிலாக இடும் ‘&’ குறி, இந்த ‘எத்’தின் இரண்டு எழுத்துகளும் பின்னிப் பிறந்ததுதான். எஸ்டோனியத்தில் அந்த வேலைக்கு ‘யா’ இருக்கிறது: ‘இசா யா எமா’, தந்தையும் தாயும். அங்கே ‘எத்’தின் வேலை, ஒரு வாக்கியத்தை இன்னொன்றுக்குள் அமர்த்துவது. தமிழில் ‘என்று’ செய்வதைப் போன்றது அது. ‘செய்வதற்காக’ என்று நோக்கம் சொல்லவும் அது உதவும்.

அப்படியானால் ‘என்று’ என்பதற்குச் செவ்வியல் லத்தீன் என்ன செய்தது? பெரும்பாலும் இணைப்புச் சொல்லே இல்லாமல் முடித்தது. ‘ஸ்கியோ தே வெனீரே’: அறிவேன், உன்னை, வர. எழுவாய் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். வினை எச்ச வடிவம் கொள்ளும். வியப்பு என்னவென்றால், எஸ்டோனியத்திலும் ‘எத்’ இல்லாத இப்படி ஒரு வழி உண்டு: ‘மா தெயன் சிந்த் துலெவத்’. அந்த ‘வத்’ விகுதி வளர்ந்து, பிறர் சொன்னதைச் சொல்லும் தனி வினைவடிவமே ஆகிவிட்டது. ‘தா துலெவத்’ என்றால் ‘அவர் வருகிறாராம்’. நம் ‘ஆம்’ செய்யும் அதே வேலை!

இரு மொழிகளும் நேரில் சந்தித்த இடம் எஸ்டோனியாவின் தார்த்து நகரம். 1632இல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பாடமொழி லத்தீன். 1648இல் யோஹன்னஸ் குட்ஸ்லாஃப் எஸ்டோனிய இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதி வெளியிட்டார். 14 வேற்றுமைகள் கொண்ட மொழியை லத்தீன் சட்டகத்துக்குள் அடக்கிப் பார்த்த காலம் அது. 1843இல் எடுவார்ட் ஆரன்ஸ் தம் இலக்கண நூலில் அந்தச் சட்டகத்தை விட்டுவிட்டு, உறவு மொழியான ஃபின்னியத்தின் துணையோடு எஸ்டோனியத்தை ஆராய்ந்தார். எழுத்துமுறையும் அதற்கேற்பத் திருந்தியது.

வடிவம் ஒன்றாக இருப்பதால் இலக்கணமும் ஒன்றாகிவிடாது. ஒரு சொல்லின் பொருளை அதன் சொந்த மொழியின் வாக்கியத்தில்தான் தேட வேண்டும். ஆரன்ஸின் உழைப்பு எஸ்டோனியத்துக்குப் பெற்றுத் தந்த மரியாதை அதுவே. எல்லா மொழிக்கும் அது உரியது.