மறுமொழி திரும்பும் வழி

பீகிள்போன் பிளாக் உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினிப்பலகை. யு.எஸ்.பி. வடத்தால் மடிக்கணினியோடு இணைத்தால், மடிக்கணினிக்கு 192.168.7.1 எனவும் பலகைக்கு 192.168.7.2 எனவும் வழக்கமாக முகவரிகள் அமையும். இரண்டும் தமக்குள் தடையின்றித் தொடர்புகொள்ளும். ஆயினும் பலகையால் இணையத்தை எட்ட இயலாது. உடனே வடத்தை மாற்றிப் பார்ப்போர் பலர். பிழை அங்கில்லை.

வெளிமுகவரிக்குரிய தரவுப்பொதியை யாரிடம் ஒப்படைப்பது எனப் பலகை அறியவேண்டும். ஆகவே, 192.168.7.1 அதன் நுழைவாயிலாகக் குறிக்கப்படவேண்டும். அப்பொதியை அப்பால் அனுப்ப மடிக்கணினியும் இசையவேண்டும். லினக்ஸில் இவ்வனுமதியின் இயல்பு மதிப்பு 0. அதை 1 என மாற்றவேண்டும்.

இவ்விரண்டும் செய்தபின்னும் மறுமொழி வராமற்போவதுண்டு. பொதி சென்றுவிட்டது, திரும்பும் வழிதான் இல்லை. 192.168.7.2 எங்குள்ளது என வீட்டுத் திசைவி அறியாது. மடிக்கணினி அனுப்புநர் முகவரியை நீக்கித் தன் முகவரியை இட்டு அனுப்பினால், மறுமொழி அதனிடம் வந்து பலகையைச் சேரும்.

இரு வலையமைப்புகளையும் பாலத்தால் ஒன்றாக்கலாகாதா எனில், கம்பிவழி இணைப்பில் ஆகும். வைஃபையில் பெரும்பாலும் ஆகாது. அணுகுமுனை தன்னிடம் பதிவான கருவியின் வன்பொருள் முகவரியையே ஏற்கும்.

8.8.8.8 மறுமொழி தந்தும் இணையதளம் பெயரால் திறக்கவில்லையெனில், பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். அமைப்பைச் சரிபார்க்கவேண்டும்.