காசில்லாம ஒரு லண்டன் குளிர்காலம்

போன வாரம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, மாஸ்டர்ஸ் படிக்க செப்டம்பர்ல லண்டன் வந்தேன். இப்ப நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது. வெளிய போனா செலவு. ரூம்லயே இருந்தா ஹீட்டருக்குச் செலவு. மூணு நாளா யார்கிட்டயும் முகம் பார்த்துப் பேசல. காசு செலவழிக்காம எங்கயாச்சும் போக முடியுமா?"

முடியும். அதுவும் லண்டன்ல நல்லாவே முடியும். என் முதல் குளிர்காலமும் இப்படித்தான் போச்சு. அதனால இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

முதல்ல, இருட்டு

டிசம்பர் மூணாவது வாரத்துல லண்டன்ல சூரியன் காலை 8 மணிக்கு மேலதான் வரும். மாலை 4 மணிக்கு முன்னாடியே போயிடும். வெளிச்சம் 8 மணி நேரம்கூட கிடையாது. அதனால ஒரு எளிய கணக்கு வச்சுக்கோங்க: நடக்கறது, பூங்கா, ஆற்றங்கரை எல்லாம் மதியம் 2 மணிக்குள்ள. அதுக்கப்புறம் கூரைக்குக் கீழ.

வெள்ளிக்கிழமையை மட்டும் தனியா எடுத்து வைங்க. பெரும்பாலான மியூசியங்கள் மற்ற நாள்ல 5 அல்லது 6 மணிக்கு மூடிடும். வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரைக்கும், நேஷனல் கேலரி 9 வரைக்கும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 10 வரைக்கும் திறந்திருக்கும். வாரக் கடைசியில தனியா உட்கார்ந்திருக்கற அந்த ராத்திரிக்கு இது பெரிய உதவி.

எதுக்கு இலவசமா விடறாங்க?

இதைத் தெரிஞ்சுக்கறது முக்கியம். ஏன்னா, டிக்கெட் வாங்காம உள்ள போக நிறைய பேருக்குக் கூச்சமா இருக்கு. எனக்கும் இருந்துச்சு.

பிரிட்டிஷ் மியூசியம் 1759ல திறந்தப்பவே கட்டணம் கிடையாது. 1974ல அரசாங்கம் தேசிய மியூசியங்களுக்கு டிக்கெட் போட்டுப் பார்த்துச்சு. எதிர்ப்பு வந்துச்சு, ஆட்சியும் மாறிச்சு, மூணு மாசத்துல எடுத்துட்டாங்க. 80கள்ல மறுபடியும் சில மியூசியங்கள் கட்டணம் வாங்க ஆரம்பிச்சுது. டைனோசர் எலும்புக்கூடு இருக்கற நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் அதுல ஒண்ணு. 2001 டிசம்பர்லதான் எல்லா தேசிய மியூசியங்களோட நிரந்தரக் காட்சிகளும் இலவசம்னு ஆச்சு.

அரசு மானியத்துல, அதாவது வரிப்பணத்துல, இது நடக்குது. நீங்க வாங்கின குளிர் ஜாக்கெட்டுக்கு 20 சதவீதம் வாட் கட்டியிருக்கீங்க. அதுல உங்க பங்கும் இருக்கு. வாசல்ல நன்கொடைப் பெட்டி இருக்கும். போட முடிஞ்சா போடுங்க, கட்டாயம் இல்ல. நிமிர்ந்து உள்ள போங்க.

ஒரு நாளைக்கு ஒரு அறை

காசு கொடுத்து உள்ள போனா எல்லாத்தையும் பார்த்துடணும்னு ஓடுவோம். கால் வலிக்கும், எதுவும் மனசுல நிக்காது. இலவசத்தோட உண்மையான லாபமே, ஒரே ஒரு பொருளை இருபது நிமிஷம் பார்த்துட்டு வெளிய வந்துடலாம்கறதுதான். நாளைக்கும் போகலாம்.

நேஷனல் கேலரியில வான்கோவோட சூரியகாந்தி மட்டும் பாருங்க. இன்னொரு நாள் சர் ஜான் சோன் மியூசியம் போங்க. ஒரு கட்டடக் கலைஞரோட வீடு அது. அவர் 1837ல இறந்தப்ப இருந்த மாதிரியே வைக்கணும்னு நாடாளுமன்றத்துல சட்டமே போட்டு வச்ச வீடு. அதுவும் இலவசம். வாரத்துல எல்லா நாளும் திறக்காது, அதைப் பார்த்துட்டுப் போங்க.

பிரிட்டிஷ் மியூசியத்துல 33ஏ அறையைத் தேடிப் போங்க. ஆந்திராவுல இருக்கற அமராவதி ஸ்தூபியோட சிற்பங்கள் அங்க இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல மெட்ராஸ் வழியா லண்டன் போன கற்கள். அதே ஸ்தூபியோட இன்னொரு பகுதியைச் சென்னை எழும்பூர் மியூசியத்துல டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். இங்க பார்க்க இலவசம்தான். ஆனா இந்தக் கல் எப்படி இங்க வந்துச்சுன்னு ஒரு கேள்வி கூடவே வரும். வரட்டும், அதையும் எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க.

யாரும் எழுப்பாத இடங்கள்

சில நாள் எதையும் பார்க்கத் தோணாது. சூடான ஒரு இடத்துல, நாலு பேர் நடுவுல உட்கார்ந்தா போதும்னு இருக்கும். தேம்ஸ் கரையில ராயல் ஃபெஸ்டிவல் ஹால் இருக்கு. அதோட கூடத்துல எதுவும் வாங்காமலே உட்காரலாம். லேப்டாப்போட நிறைய பேர் இருப்பாங்க. செயின்ட் பான்க்ராஸ் பக்கத்துல பிரிட்டிஷ் லைப்ரரியும் அப்படித்தான். 2022 குளிர்காலத்துல மின்சாரம், கேஸ் விலை ஏறினப்ப, ஊர்ப்பட்ட நூலகங்கள் மக்கள் வந்து குளிர்காயற இடமாவே அறிவிச்சாங்க. உங்க ஏரியா நூலகத்துல கேட்டுப் பாருங்க.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி, செயின்ட் பால் தேவாலயம் ரெண்டுக்கும் சுற்றிப் பார்க்க டிக்கெட் விலை அதிகம். ஆனா மாலையில பாடகர் குழு பாடற ஈவன்சாங் வழிபாட்டுக்கு யார் வேணாலும் போகலாம், கட்டணம் இல்ல. அது வழிபாடு, அதனால போன் உள்ளயே இருக்கட்டும்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு உஷார்

டிசம்பர் 25 அன்னைக்கு லண்டன்ல பஸ், டியூப் எதுவும் ஓடாது. பிரிட்டிஷ் மியூசியம் 24ல இருந்து 26 வரைக்கும் மூடியிருக்கும். தனியா இருக்கறவங்களுக்கு அந்த நாள்தான் கஷ்டமானது. அதனால ட்ரஃபால்கர் சதுக்கத்துல இருக்கற பெரிய மரத்தை அதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்துடுங்க. இரண்டாம் உலகப் போர்ல செஞ்ச உதவிக்கு நன்றியா 1947ல இருந்து வருஷா வருஷம் ஆஸ்லோ நகரம் அனுப்பற மரம் அது. 25ஆம் தேதிக்கு, ஊருக்குப் போகாத இன்னொருத்தரை இப்பவே கண்டுபிடிச்சு, சேர்ந்து சமைக்கலாம்னு பேசி வைங்க.

கடைசியா ஒண்ணு. முதல் வருஷம் நான் புதன்கிழமை புதன்கிழமை ஒரே அறைக்குப் போவேன். நாலாவது வாரம் அங்க காவலுக்கு நின்ன அம்மா, "மறுபடியும் வந்துட்டியா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேசினது அவங்க மட்டும்தான். தங்கச்சி, ஒரு அறையைப் பிடிச்சுக்கோங்க, திரும்பத் திரும்பப் போங்க. ஊர் மெதுவா அடையாளம் கண்டுக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.